ஆளில்லாத முன் சீட்டு

கல்யாணமாகி கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த நாளிலிருந்து இசக்கிசெல்வி காரில் பின்சீட்டில்தான் உட்கார்ந்தாள். "முன் சீட்டுல சென்சார் கேடு. ஆளே இல்லாம பீப் அடிக்கும்," என்று புருஷன் பாண்டித்துரை சொல்லியிருந்தான். அதனால் காலி சீட்டுக்கும் பெல்ட்டை மாட்டிவிட்டுத்தான் ஓட்டுவான். அவளும் நம்பினாள்.

இன்று ஒர்க்‌ஷாப்பில் அவன் சாயா குடிக்கப் போன நேரம், மெக்கானிக் சேட்டனிடம் அந்த சென்சாரைப் பற்றி அவளே கேட்டாள். அவர் பெல்ட்டைக் கழற்றிச் சோதித்துப் பார்த்தார்.

"சீட்டுக்கு அடியில ஒரு சென்சார், பெல்ட் மாட்டுற பக்கிளுக்குள்ள ஒண்ணு. ஆள் உட்கார்ந்து பெல்ட் மாட்டலன்னாத்தான் அடிக்கும். ரெண்டும் நல்லாத்தான் வேலை செய்யுது, ஒரு குழப்பமும் இல்லியே. உங்க ஆளு இதை ஒருநாளும் என்கிட்ட காட்டினதும் இல்ல."

பாண்டித்துரை வந்து வண்டியை எடுத்தான். பஜார் ரோட்டில் பீப் சத்தம் ஆரம்பித்தது. அவன் ஓரமாக நிறுத்தி, சாய்ந்து, பக்கத்துச் சீட்டு பெல்ட்டை இழுத்து மாட்டினான். சத்தம் நின்றது. பெல்ட் சீட்டோடு ஒட்டவில்லை. ஒரு சாண் முன்தள்ளி வளைந்து நின்றது.

"இறுக்கமா இருக்கா?" என்று அந்தக் காலி சீட்டைப் பார்த்துக் கேட்டான்.

அத்தனை கனிவாக அவளிடம் அவன் பேசியதே இல்லை. பின்சீட்டில் அவள் இன்னும் பெல்ட் மாட்டியிருக்கவில்லை. அவளுக்காக வண்டி ஒரு சத்தமும் போடவில்லை.