முழு முகவரி அக்கா

மருத்துவமனைக் கணினிப் பிரிவில் அவருக்கு ‘முழு முகவரி அக்கா’ என்றே பெயர். கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல்லை நிரலில் வெறும் பெயர் சொல்லி அழைத்தால் விடமாட்டார்.

“பேரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டா, அதே பேர்ல பக்கத்துல நிக்கிற திருடன்தான் முதல்ல வருவான். அது இருக்கிற இடத்த முழுசா எழுதும்மா.”

இன்று காலை எங்கள் நிரலின் ஃபோல்டரிலேயே யாரோ ஒரு போலி ஷெல்லைப் போட்டுவைத்திருந்தார்கள். அது ஓடவில்லை, நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் தப்பின. சோம்பல்பட்டு நான் பெயரை மட்டும் எழுதியிருந்த வரியில் முழு முகவரி இருந்தது. திருத்தங்களின் பதிவேட்டைத் திறந்தேன். திருத்தியவர், அக்கா. நேரம், இன்று காலை ஒன்பது பத்து.

அக்கா இறந்து ஓராண்டாகிறது. அவருடைய கணினிக் கணக்கை மூடியதே நான்தான்.

“ரொம்ப நன்றிக்கா,” என்றேன் திரையைப் பார்த்து.

எங்கிருந்து திருத்தினார் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.