படத்தில் இல்லாத அம்மா

"படத்துல வராத ஒண்ணையும் இங்க கட்டணும் சார்." சினிமா பொழுதுபோக்குப் பூங்காவில் யாரும் கேட்கவே கூடாததை, இன்ஜினியரான நான் மேலாளர் சுரேந்தரிடம் கேட்டேன்.

எங்கள் தெருவைப் பற்றிய படம் நன்றாக ஓடியதும், நிஜத் தெருவை இடித்துவிட்டு, படத்தில் வந்த தெருவை அங்கேயே பூங்காவாகக் கட்டினார்கள். படத்தில் வரும் என் அம்மாவாக அங்கே தினமும் நடிப்பதும் என் அம்மாதான். ஒவ்வொரு காட்சியிலும் என் படிப்புக்காக மில் முதலாளியின் காலில் விழ வேண்டும்.

"நெசத்துல எங்கம்மா விழல சார். பொட்டப்புள்ளைக்கு எதுக்குப் படிப்புன்னு கேட்ட அந்த முதலாளியை வெளக்குமாத்தால அடிச்சாங்க. அதையும் ஒரு காட்சியா கட்டுவோம்."

"அதுக்கு எவன்மா டிக்கெட் வாங்குவான்? ஜனங்க படத்துல பாத்ததைத்தான் கேப்பாங்க."

காட்சிக்கு மணி அடித்தது. மேடையேறி, குனியப்போன அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"வேலை போயிடும்டி."

"ரெண்டு பேருக்குமே போகட்டும்மா."

அடையாள அட்டையைக் கழற்றி முதலாளி வேடக்காரரிடம் கொடுத்துவிட்டு, அம்மாவோடு வாசலைத் தாண்டினேன்.