லோனப்பன் ஏறிப் பார்த்த லிஃப்ட்

"தொடாதே மோளே! நானே உள்ள போவேன்."

லோனப்பன் சக்கர நாற்காலியை உந்திய வேகத்தில், அது லிஃப்டின் வாசல் சட்டத்தில் முட்டி நின்றது. கடையின் விற்பனைப் பெண் ஷைனி தன் கால்விரலை மயிரிழையில் காப்பாற்றிக்கொண்டாள். 'நாற்காலி இன்னும் பழகவில்லை. சமீபத்தில்தான் கால் விழுந்திருக்கும், பாவம்' என்று நினைத்தாள்.

திருச்சூரில் வீட்டு லிஃப்ட் விற்கும் அந்தக் கடையில் வழக்கமாகப் பிள்ளைகள்தான் பேசுவார்கள். யாருக்காக வாங்குகிறார்களோ அவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். இங்கே தலைகீழ். மகன் ஜெரின் ஓரமாக நின்றான்.

"அப்பச்சா, கொஞ்சம் பின்னால வந்து..."

"நீ சும்மா இருடா!"

லோனப்பன் கதவை இழுத்தார். அது அவர் முட்டியை இடித்தது.

"இதைத் திறக்க வாசல்ல ஒரு காவக்காரன் வேணும். அடுத்தது காட்டு."

அடுத்ததில் கதவு தானாக நகர்ந்தது. உள்ளே போனவருக்குத் திரும்ப இடமில்லை.

"பட்டன் எங்க? ஆகாசத்துலயா?"

"சின்ன லிஃப்ட்தான் அழகா இருக்கும். கூட வர்றவங்க பட்டனை அழுத்திடுவாங்க" என்றாள் ஷைனி.

அவர் முகம் மாறியது.

"ஒவ்வொரு தடவையும் ஒருத்தரைக் கூப்பிடணுமா? மழை வருது, மாடியில துணி எடுக்கணும். சும்மா போய்க் காத்து வாங்கணும். எல்லாத்துக்கும் இன்னொருத்தர் முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?"

ஷைனிக்குச் சங்கடமாகிவிட்டது. "கீழேயே ஒரு ரூம் போட்டுக்கிட்டா..." என்று மெல்ல இழுத்தாள்.

"கீழ் ரூம்லயே உட்கார வெச்சா விருந்தாளி. வீடு முழுக்கப் போய் வந்தாத்தான் மோளே, வீட்டு ஆள்."

ஜெரின் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்ததை ஷைனி பார்த்துவிட்டாள். பெற்றவரை இந்த நிலையில் பார்க்க எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் தாங்கும்?

கடைசி லிஃப்ட் அகலமானது. வாசலில் மேடில்லை. பட்டன்கள் கைக்கு எட்டின. பின்பக்கமாக வெளியே வரும்போது வாசல் தெரிய எதிரே கண்ணாடி. லோனப்பன் தனியாக மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார். திருவிழா ராட்டினத்தில் ஏறிய பிள்ளை மாதிரி அவர் சிரித்தது கடை முழுக்கக் கேட்டது.

"கரண்ட் போச்சுன்னா?"

"பேட்டரி இருக்கு. பத்திரமா கீழ வந்து கதவு தானா திறந்துடும்."

"அப்போ இதேதான்! எப்போ மாட்டுவீங்க?"

"ஓணத்துக்குள்ள முடிச்சிடலாம். இருங்க, கார் வரைக்கும் நான் தள்ளிட்டு வரேன்."

"எதுக்கு?" என்ற லோனப்பன் விருட்டென்று எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, நாற்காலியை மடக்கித் தோளில் தூக்கிக்கொண்டார்.

"இவன் கட்டிக்க ஆசைப்படுற பொண்ணோட பழைய நாற்காலி இது, அவ அம்மாகிட்ட ரகசியமா வாங்கிட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை அவளையே கூட்டிட்டு வரேன், ஏறிப் பார்த்துட்டு, 'உங்க வீட்ல படியா இருக்கு, கல்யாணம் வேண்டாம்'னு இன்னொரு தடவை சொல்லட்டும் பார்ப்போம்!"