நீலம் பூசிய சைக்கிள்

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே, ஒரு சைக்கிளின் கதை சொல்கிறேன். சண்டை ஓய்ந்த ஊரொன்றில், பொலிசும் சனமும் ஒற்றுமையாக வேணுமென்று பொலிஸ் நிலையத்தில் விழா வைத்தார்கள். மீன் கூடையைத் தலையில் சுமந்து விற்கும் தவமலருக்குப் பொறுப்பதிகாரி ஒரு சைக்கிள் கொடுத்தார். புதிதாய் நீலம் பூசியிருந்தது. இனி மீன் பழுதாகுமுன் மூன்று ஊர் போய்வரலாம். சைக்கிளின் குறுக்குப் பாரைத் தடவியவளின் விரல் இடறி நின்றது. மகள் கால் வைக்கவென்று புருசன் சிவபாதம் ஒட்டிவைத்த இரண்டு இரும்புக் குச்சிகள். ஒன்று சற்றுக் கோணல். அந்தச் சைக்கிளில்தான் அவன் சோதனைச் சாவடிக்குப் பெயர் பதியப் போனான். ஏழு வருசமாய் வரவில்லை.

“ஐயா, இது என்ர மனுசன்ர சைக்கிள். அவர் எங்க?”

அதிகாரி கோபிக்கவில்லை. அவள் இருக்கக் கதிரை போடச் சொன்னார். “அப்ப முறைப்பாடு எழுதுங்கோ அம்மா. எழுதினா சைக்கிள் சாட்சிப் பொருள். வழக்கு முடியுமட்டும் இங்கதான் நிக்கும்.”

வரிசையில் பின்னால் நின்றவள், “கெதியாச் சொல்லக்கா, கூடைக்குள்ள மீன் நாறுது” என்று சிரித்தாள்.

தவமலர் பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு, “மாறிச் சொல்லிப்போட்டன் ஐயா” என்றாள். படம் எடுத்தபோது சிரித்தாள்.

இப்போது தினமும் பொலிஸ் நிலையத்தைக் கடந்துதான் போகிறாள். வாசலில் நிற்பவர் கையசைத்தால் மணி அடிக்கிறாள். அந்தக் குச்சிகளில் மட்டும் எதையும் கொழுவித் தொங்கவிடுவதில்லை.

உங்கள் வீட்டிலிருந்து போகிற சைக்கிள், ஏறிப் போனவரோடேயே திரும்பி வரட்டும் பிள்ளைகளே.