பெயர் சுரண்டிய பெட்டி

“உயிர் இருக்காக்கா?” என்று மூன்றாவது தடவையாகக் கேட்டான் ராஜேஷ்குமார்.

தாமரை மேசைமேல் குனிந்து காதை வைத்துக் கேட்டார். “மூச்சு இருக்கு. நினைவுதான் இல்ல லா,” என்றார்.

மேசைமேல் கிடந்தது ஆள் இல்லை. ஒரு நெட்வொர்க் சுவிட்ச். லேப்பில் இருக்கும் இருபத்து நான்கு கம்ப்யூட்டர்களையும் ஒன்றோடொன்று பேச வைக்க வேண்டிய பெட்டி. அதில் கம்பெனிப் பெயர் இல்லை, மாடல் நம்பர் இல்லை. அவை இருந்த இடத்தை யாரோ மும்முரமாகச் சுரண்டி வைத்திருந்தார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் பயிற்சிக் கல்லூரியின் நாலாவது மாடி அது. மூன்று மணிக்கு லேப்பைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள். இருந்த நல்ல சுவிட்சில் போன வாரம் தப்பான பவர் வயரைச் செருகிக் கருக்கியவன், லேப்பைக் கவனிக்க வேண்டிய சாட்சாத் நம்ம ராஜேஷ்குமார்தான்.

அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். எங்கே சொன்னான்? விசா இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும். மனைவியும் கைக்குழந்தையும் பட்டுக்கோட்டையிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வேலை போனால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்தப் பயத்தில் கிள்ளான் பக்கம் பண்டமாரானுக்கு ஓடி, ஒரு பழைய சாமான் கிடங்கில் இந்தப் பெட்டியைப் பிடித்தான். எங்கிருந்து வந்தது என்று விற்றவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல்வர் புஷ்பவல்லியிடம், “கம்பெனிக்காரங்களே நமக்குன்னு அனுப்புன புது மாடல் மேடம்,” என்று அளந்துவிட்டு, அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டான். கொண்டுவந்து மாட்டினால், சனியன், விசிறி சுற்றியதே தவிர வேறு அசைவே இல்லை.

நெட்வொர்க் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, “இது என்ன மாடல்?” என்று கேட்டுப் பார்த்தான். பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் தெரியாது என்றார்கள். கிள்ளானில் நெட்வொர்க் சாமான் செய்யும் சின்ன லேப் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கும் தாமரை மட்டும், “எதையும் தொடாதீங்க. நானே வரேன்,” என்று எழுதினார். கூலி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தெய்வம்தான் அனுப்பியது என்று நினைத்துக்கொண்டான்.

“எங்க தம்பி கிடைச்சுச்சு?” என்று கேட்டார் தாமரை.

கதவுக்கு வெளியே புஷ்பவல்லியின் குரல் கேட்டது. உண்மையைச் சொல்ல அதுவா நேரம்?

“கம்பெனியே அனுப்புனாங்கக்கா. சீல் வச்ச பெட்டி. நான்தான் முதல்ல பிரிச்சேன்.”

“வேற யாரும் கை வைக்கல?”

“சத்தியமா யாரும் இல்லக்கா.”

சத்தியம் வேறு!

பின்பக்கம் ஒரே மாதிரி இரண்டு துளைகள் இருந்தன. தாமரை யோசிக்காமல் இடது பக்கத் துளையில் வயரைச் செருகினார். லேப்டாப்பில் கன்னாபின்னாவென்று எழுத்துகள் ஓடின. இரண்டு தட்டுத் தட்டியதும் படிக்கிற மாதிரி ஆகிவிட்டன.

“இது சோதனைக்குச் செஞ்சு பாக்குற மெஷின், தம்பி. ஒண்ணே ஒண்ணுதான் செய்வாங்க. இதையெல்லாம் யாரும் விக்க மாட்டாங்க.”

“அதான்க்கா, எங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா...” ஏர்கோன் குளிரிலும் அவனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டியது.

பெட்டி நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகவே அணைந்து, மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. மணி இரண்டு நாற்பது. தாமரை திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார்.

உள்ளே ரீசெட் பொத்தானின் இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகி, பொத்தானை அமுக்கியபடியே வைத்திருந்தது. பக்கத்துத் தகட்டில் சிவப்பாக ஒரு கறை.

“அலாமாக்! ஐயோ, புது மெஷின்ல என்ன தம்பி இது?”

உற்றுப் பார்க்க அவனுக்கு ஏது பொறுமை? “மஞ்சளா இருக்கறது பசைக்கா. சிவப்பு... துரு.”

“சீல் வச்ச பெட்டிக்குள்ள துருவா?”

“கப்பல்ல வந்துச்சுல்லக்கா. கடல் காத்து.”

தாமரை பவரை அணைத்துவிட்டு, துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து அந்த மஞ்சளைப் பொறுமையாகச் சுரண்டினார். விரலில் ஒட்டிய பொடியை மூக்கருகில் கொண்டுபோய் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பொத்தான் ‘டக்’கென்று மேலே வந்தது.

பவரைப் போட்டார். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. பெட்டி அணையவில்லை. இருபத்து நான்கு விளக்குகளும் பச்சையாக எரிந்தன. கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒன்றையொன்று கண்டுகொண்டன.

ராஜேஷ்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது. “அக்கா, என் குடும்பத்தையே காப்பாத்திட்டீங்கக்கா!”

கதவு திறந்தது. அதிகாரிகள் இரண்டு பேரோடு புஷ்பவல்லி நின்றிருந்தார். “ராஜேஷ், புது சுவிட்ச் ரெடியா?”

“ரெடி மேடம்!” அவசர அவசரமாக மூடியைத் தூக்கிப் பெட்டிமேல் வைக்கப் போனான்.

தாமரை அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “மூடாதீங்க. அவங்களும் பாக்கட்டும்.”

“அந்தத் துருவை எதுக்குக்கா அவங்க பாக்கணும்?” என்று கிசுகிசுத்தான்.

“அது துரு இல்ல, தம்பி. ஆயுத பூஜைக்கு என் லேப்ல நான் வச்ச குங்குமம்.”