செவலைக்கு ஒரு பட்டம்

கோயில் வாசலில் கட்டியிருந்த கிடாக்களிடம் செவலைக் கிடா முழங்கியது.

"பூசாரி மஞ்சத்தண்ணி தெளிப்பான். தலையை ஆட்டினா சாமி சம்மதம்னு வெட்டுவான். ஆட்டலேன்னா வெட்ட மாட்டான். எவனும் ஆட்டக் கூடாது, தெரிஞ்சுதா?"

பூசாரி தெளித்தான். ஒரு தலைகூட அசையவில்லை. கடைசியில் செவலையின் மேல் சொம்பையே கவிழ்த்தான். ம்ஹூம். மேளக்காரனுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

கிடாக்களுக்குத் தலைகால் புரியவில்லை.

"தலைவர் செவலை வாழ்க!"

"எரிமலைன்னு கூப்பிடுங்கடா!"

"போடா, கலகச் சிங்கம்!"

செவலைக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. ஆனாலும் தலைவன் என்றால் கொஞ்சம் அடக்கம் வேண்டாமா?

"அட, எனக்கெதுக்கப்பா பட்டமெல்லாம்" என்று கூச்சத்தோடு தலையை ஆட்டியது.

பூசாரி துள்ளிக் குதித்தான். "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா! அடிடா மேளத்தை!"