அடுத்த கட்டம்

“அவங்கவங்க கட்டத்தைக் கண்டுபிடிச்சு ஒரு வட்டம் போடுங்க. அங்கிருந்து நீங்க போக ஆசைப்படுற அடுத்த கட்டத்துக்கு ஒரு அம்பு. அவ்வளவுதான்,” என்றாள் பயிற்சி நடத்த வந்த பெண்.

சாப்பாட்டுக் கூடத்தில் கூடியிருந்த தொழிற்சாலை மொத்தமும், ஆளுக்கொரு தாளில் தலையைக் கவிழ்த்தது.

ஸ்டோர்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

தாளின் உச்சியில் மேனேஜரின் கட்டம். அதிலிருந்து கோடுகள் இறங்கிக் கிளை பிரிந்து, கீழே கட்டம் கட்டமாகப் பெயர்கள். தன் பெயர் எங்கே இருக்கும் என்று தெரியாதவரா அவர்? பர்சேஸுக்குக் கீழே, உற்பத்திக்கு மேலே. பத்தொன்பது வருஷமாக, ஒரு போல்ட் உள்ளே போக வேண்டுமென்றாலும் அவர் கையெழுத்து வேண்டும்.

அந்த இடத்தில், பர்சேஸிலிருந்து உற்பத்திக்கு ஒரே கோடாக இழுத்திருந்தார்கள்.

எங்காவது இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்.

கேட் வாட்ச்மேன் இருந்தார். வாரத்தில் மூன்றே நாள் வரும் டைப்பிஸ்ட் இருந்தாள். போன மாதம் சேர்ந்த தோட்டக்காரருக்குக்கூட மூலையில் சின்னதாக ஒரு கட்டம். ஸ்டோர்காரர் பெயர் மருந்துக்கும் இல்லை.

தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

காலையில் செருப்பை மாட்டும்போதுகூட மனைவி விடவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், இன்றைக்காவது அந்த சூப்பர்வைசர் வேலையை வாயைத் திறந்து கேளுங்கள் என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னாள்.

கேட்கத்தான் வந்திருந்தார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏழெட்டு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார்: சார், எனக்கும் அடுத்த கட்டம்னு ஒண்ணு வேணும் இல்லையா?

அடுத்த கட்டம் கிடக்கட்டும். இப்போது நிற்பதற்கே ஒரு கட்டத்தைக் காணோம்.

பக்கத்திலிருந்த டர்னர் தன் பேனா எழுதவில்லை என்று கையை நீட்டினான். ஸ்டோர்காரர் தன் பேனாவைக் கொடுத்துவிட்டார். அந்தக் கூடத்திலிருந்த பேனா எல்லாம் காலையில் அவர் ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தவைதான். டர்னர் ஒரு பெரிய வட்டம் போட்டு, அதைவிடப் பெரிதாக ஓர் அம்பு போட்டான்.

ஸ்டோர்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஜன்னலோரம் நின்று, செல்போனைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே துடைத்தார்.

எழுந்து கேட்டுவிடலாம். கேட்டால் கூடமே திரும்பிப் பார்க்கும். கேட்காவிட்டால்? கேட்காவிட்டாலும் தாளில் இருப்பது மாறப்போவதில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. இத்தனை வயசுக்கு அப்புறம் இப்படி அழுகை வருமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

அந்தப் பெண் தாள்களை வாங்கிக்கொண்டு வந்தாள். வட்டமும் அம்பும் இல்லாத தன் தாளை, யாருக்கும் தெரியாமல் நடுவில் செருகிக் கொடுத்தார்.

அவள் மேஜைக்குப் போய் எச்சில் தொட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

“முப்பத்தொன்பது பேர்னுதானே சார் சொன்னீங்க? ஒரு தாள் கூடுதலா இருக்கே?”

மேனேஜர் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தார்.

அது எந்தத் தாள் என்று ஸ்டோர்காரருக்குத் தெரியும்.

காலையில் மேனேஜர் ஸ்டோருக்கு வந்து, ஒற்றைத் தாளைக் கவிழ்த்து ஜெராக்ஸ் மெஷினில் வைத்துவிட்டு, முப்பத்தொன்பது காப்பி எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஸ்டோர்காரர் ஆட்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். நாற்பது வந்தது. இந்த மனுஷன் எப்போதும் ஒரு ஆளை விட்டுவிட்டுத்தான் எண்ணுவார் என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

பாவம், யாரோ ஒருத்தர் வெறுங்கையோடு உட்கார வேண்டாமே என்று, மெஷினில் நாற்பது என்று அழுத்தினார்.